தாய்மாமன் சட்டை

அத்தியாயம் 14

நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு ஜெனிஃபருக்கு நிச்சயதார்த்தம்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மாப்பிள்ளை கலைவாணன் வீட்டார் வேன் பிடித்து வருகிறார்கள். பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கும் கேசவன், பெண்ணைப் பெற்றவன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கோடை சீசனிலும் லீவு வாங்கிவிட்டான். எல்லாம் சரி. பெண்ணின் தாய்மாமன் வருவாரா என்பது மட்டும் இந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது.

தாய்மாமன் கையால் நிச்சயப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் பெண் சபைக்கு வந்து நிற்க வேண்டும். ஜெனிஃபரின் அம்மா ஜாக்குலின் பிறந்த வீட்டில் அப்படித்தான் வழக்கம். சர்ச்சுக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தக் குடும்பத்தில் என்னென்னவோ மாறியது. இது மட்டும் மாறவில்லை.

அந்தத் தாய்மாமன், ஜாக்குலினின் அண்ணன் ஜெபக்குமார், சதுரங்கப்பட்டினத்தில் தன் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

சென்ற கோடையில் ஜெனிஃபருக்குக் கடைசிப் பரீட்சை. பஸ் வரவில்லை. "ஏறு, மாமா கொண்டுபோய் வுடறேன்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனார். ஒரு லாரி உரசியது. கீழே விழுகிற நொடியில் யாருக்கும் தன் உடம்புதான் முதலில் ஞாபகம் வரும். ஜெபக்குமார் வலது கையைப் பின்னால் வீசி, ஜெனிஃபரை வளைத்துப் பிடித்து, அவள் தன் மேல் விழும்படி விழுந்தார். அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவருக்குக் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் தோளோடு இழுபட்டுப் போயின.

இப்போது அந்தக் கை தொங்குகிறது. விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். ஒரு துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், லுங்கியும் தோளில் துண்டுமாக வீட்டோடு இருந்துவிட்டார்.

சென்ற வாரம் ஜாக்குலின் பழத்தட்டோடு போய் அழைத்தபோது அவர் சொன்ன பதில் இதுதான்:

"காலைல உங்க அண்ணி எனக்குச் சட்ட மாட்டி, பட்டன் போட்டு வுடணும். அப்பால நான் வந்து, மாமன்னு நெஞ்ச நிமித்திகினு சபைல நிக்கணும். இன்னா ஜாக்கு, நல்லாவா கீது? என் பட்டன நானே போடற அன்னிக்கு வர்றேன், போ."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜாக்குலின் பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். வருகிற வழியெல்லாம் அவள் தலைக்குள் ஒரு சட்டை ஓடிக்கொண்டிருந்தது.

* * *

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அவள் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

துணி லினன். செங்கல்பட்டு பஜாரில் ஒரு கட் பீஸ் கடையில் கிடைத்தது. மழைக்கு முந்தின கடல் மாதிரி சாம்பல் கலந்த நீலம். லினன் பருத்தியில் வருவதில்லை. ஆளி விதை என்று கடையில் விற்கிறார்களே, அந்தச் செடியின் தண்டை ஊறவைத்து உரிக்கிற நார் அது. நார் என்பதால் கொஞ்சம் முரடு. ஆனால் வியர்வையைக் குடித்து உடனே காற்றுக்குக் கொடுத்துவிடும். இந்தக் கரையோரத்து மே மாத வெயிலில் பாலியஸ்டர் சட்டை நனைந்த காகிதம்போல முதுகில் ஒட்டும். லினன் உடம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஜெபக்குமாரின் தோளில் தழும்பேறிய தோலுக்கு அதுதான் சரி.

வாங்கியதும் வெட்டிவிடக் கூடாது. முதல் தண்ணீரிலேயே சுருங்குகிற துணி. தைத்த பிறகு சுருங்கினால் அண்ணன் சட்டை தங்கைக்கு ஆகிவிடும். அதனால் வாளியில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். லினனின் சுருக்கம் காய்ந்த பிறகு யார் சொன்னாலும் கேட்காது. ஈரத்தில் சொன்னால் கேட்கும்.

அளவுக்கு அண்ணனின் பழைய சட்டை ஒன்று வேண்டியிருந்தது. அண்ணி பிரிசில்லா அதை மீன் வாங்கும் பையில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜாக்குலின் அதைச் செய்தித்தாளின் மேல் விரித்துக் கோடு போட்டுக்கொண்டாள். பிறகு கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு. உடம்பில் நான்கு விரல் அகலம் கூட, அக்குளில் நன்றாக இறக்கம்.

சட்டையின் சௌகரியம் அக்குளில்தான் இருக்கிறது. ஆள் பெருத்தால் எல்லோரும் வயிற்றைத்தான் பெரிதாக்குவார்கள். ஆனால் கை தூக்க முடியாதவருக்கு அங்கே மட்டும் அகலம் கொடுத்து என்ன பயன்? முதலில் தொங்குகிற கையைச் சட்டைக்குள் அனுப்ப வேண்டும், அதன்பிறகுதான் நல்ல கை. அந்த முதல் கை தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு போக வாசல் பெரிதாக இருக்க வேண்டும்.

லினன் வெட்டிய இடத்திலெல்லாம் பிசிறு விடும். அந்தப் பிசிறு தழும்பில் உராயக் கூடாது என்று ஒரு ஓரத்தை இன்னொன்றுக்குள் மடித்து, மேலே மறுபடி தையல் போட்டாள். உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி வழவழப்பு. விரலை ஓட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நீயே ஆட்டிக்கிறியாம்மா தலைய?" ஜெனிஃபர் தலையில் எண்ணெயோடு வந்து நின்றாள்.

"வேற யாரு கீறாங்க ஆட்ட?"

"வெல்க்ரோ வெச்சிருந்தா ஒரு செகண்ட் வேலை. மாமா சும்மா இழுத்து ஒட்டிக்கலாம்."

"பழைய சட்டைக்கு வெச்சுத் தரேன்னு நான் அப்பவே சொல்லாமயா இருந்தேன்? 'எல்கேஜி பசங்க ஷூவுக்கு வெக்கறத எனக்கு எதுக்குடி'ன்னுச்சு உங்க மாமா. அதான் பெரிய பட்டன், பெரிய காஜா. ஒத்தக் கையாலயே தள்ளிக்கலாம்."

ஜெனிஃபர் சட்டையின் கைப்பகுதியைத் தொட்டாள். "மாமா வரலன்னா நான் புடவைய யார் கிட்டயும் வாங்க மாட்டேன்மா. சொல்லிட்டேன்."

"நாளைக்கு சபைல வந்து இத்த சொல்லிகினு நிக்காத. போய் தலைக்கு ஊத்து."

திட்டினாளே தவிர, மகள் சொன்னதுதான் அவள் மனதிலும் இருந்தது. அண்ணனிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்ல அவள் முயலாமல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் நின்று, "ண்ணா, எம் பொண்ண நீ..." என்று தொடங்கினாலே போதும். "போய் டீ வாங்கியா" என்று துரத்திவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதை. சொல்லாத அந்த வார்த்தை ஒரு வருடமாக அவளுக்குள் கிடந்தது.

இங்கே ஜாக்குலினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாகப் பல வருடம் அவள் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தையல்காரி. அங்கே யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. நீளமான வரிசையில் மெஷின்கள் இருக்கும். ஒருத்தி காலர் மட்டும், ஒருத்தி பை மட்டும், ஒருத்தி கை மட்டும். சட்டை ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு நகர்ந்து நகர்ந்து கடைசியில் சட்டையாகும். ஜாக்குலினுக்குக் கிடைத்தது முன்பட்டி. பட்டனும், அது நுழைகிற ஓட்டையான காஜாவும் வருகிற அந்த நீளப் பட்டையைத்தான் அவள் வருடக்கணக்காக அடித்தாள். வேலையை விட்ட பிறகு வீட்டில் தைத்ததெல்லாம் ஜாக்கெட்டும் நைட்டியும்தான். ஆக, முழுச் சட்டை இதுதான் அவளுக்கு முதல் தடவை.

காலருக்கு யோசித்தாள். கைக்கு யோசித்தாள். தோள்பட்டைக்கு இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள்.

பட்டி அடிக்கும்போது மட்டும் யோசிக்கவில்லை. அது அவள் கைக்கே தெரிந்த வேலை. கேசவன் போனில் பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா பாஸ்மதியா என்று கேட்க, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "பாஸ்மதி போட்டா எங்க அண்ணன் சாப்பிடாது, சம்பாவே சொல்லு" என்று பதில் சொல்லிக்கொண்டே அடித்து முடித்துவிட்டாள்.

* * *

காஜா எடுக்க வீட்டு மெஷின் போதாது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் நரசிம்மன் கடைக்குப் போக வேண்டும். சின்ன டெய்லர்கள் எல்லோருக்கும் அவன்தான் காஜா எடுத்துக் கொடுப்பவன்.

"இன்னாக்கா, நாளைக்கு வூட்ல விசேஷம், இன்னிக்கு வேலைய தூக்கிகினு வந்துட்ட?"

"விசேஷத்துக்குத்தான் நரசிம்மா. காஜா கொஞ்சம் பெருசா எடு. மார்க் போட்டிருக்கேன் பாரு."

அந்த மெஷின் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு கோட்டைச் சுற்றி நெருக்கமாக நூலைக் குத்திக்கொண்டு போகும், திரும்பி வரும். முழு வட்டமும் கட்டி முடிந்த பிறகு, நடுவில் ஒரு சின்னக் கத்தி டக்கென்று இறங்கித் துணியை வெட்டும். முதலில் நூல், பிறகு கத்தி. வரிசை மாறினால் துணி பிசிறிவிடும். அதனால்தான் காஜாவைத் திருத்த முடியாது. தையலைப் பிரிக்கலாம். வெட்டை எப்படிப் பிரிப்பது?

டக், டக், டக். ஒவ்வொன்றாக முடித்து, நூலை ஊதிவிட்டு, சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான் நரசிம்மன்.

"செம லினன்கா. எந்த மேடத்துக்கு?"

"மேடமா? எங்க அண்ணனுக்குப்பா."

நரசிம்மன் சட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் சட்டையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"அண்ணனுக்கா?" என்றான் மெதுவாக.

ஜாக்குலினுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.

ஆண்கள் சட்டையில், போடுகிறவருக்குக் காஜா இடது பக்கம், பட்டன் வலது பக்கம். பெண்கள் சட்டையில் அப்படியே தலைகீழ். காஜா வலது, பட்டன் இடது. ஏன் அப்படி என்று கேட்டால் வாள் என்பார்கள், குதிரை என்பார்கள், பணிப்பெண் என்பார்கள். ஆளுக்கொரு கதை, ஒன்றும் உறுதியில்லை. ஆனால் உலகம் முழுக்க டெய்லர்கள் அதை மாற்றுவதில்லை. ஜாக்குலின் வேலை பார்த்த கம்பெனியில் தைத்ததெல்லாம் வெளிநாட்டுப் பெண்களுக்கான சட்டைகள். அத்தனை வருடமும் அவள் கைகள் காஜாப் பட்டியை வலது பக்கம்தான் அடித்தன. இன்று காலையிலும் அங்கேயே அடித்துவிட்டன.

"நான் இன்னா பண்ணட்டும்கா? பட்டி அந்தப் பக்கம் கீது, மார்க் அந்தப் பக்கம் கீது. டவுன்ஷிப் மேடமுங்க இப்பல்லாம் இப்டித்தான் தொளதொளன்னு போடறாங்க..."

"உம் மேல இன்னா தப்பு. எங் கை பண்ண வேல." அவள் ஒரு காஜாவின் மேல் நகத்தை ஓட்டினாள். "அடைக்க முடியாதா?"

"அடைக்கலாம். ரஃபு பண்ணா தூர இருந்து தெரியாது. பக்கத்துல நின்னு பாத்தா தெரியும். வேற துணி இல்லியா?"

கட் பீஸில் வேறு துணி ஏது? மிச்சமிருந்தது ஒரு கைக்குட்டை அளவு.

நரசிம்மன் சட்டையை அழகாக மடித்துக் கொடுத்தான். அவள் நீட்டிய காசை வாங்கிக்கொள்ளவில்லை.

* * *

வீட்டில் ஜெனிஃபர் விஷயத்தைக் கேட்டதும் களுக்கென்று சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"யாரும்மா கவனிக்கப் போறாங்க? ஃபோட்டோல கூட தெரியாது."

"உங்க மாமா கவனிக்கும். மொத பட்டன்லயே கண்டுபிடிச்சிடும். ஏற்கெனவே ஊரு முன்னாடி வர மாட்டேன்னுது. பொம்பள சட்ட மாட்டிகினு வருமா?"

"ரெடிமேட் வாங்கலாம். நான் இப்பவே போய்..."

"பொண்ணு வெளிய போவக் கூடாது இன்னிக்கு. ரெடிமேட்ல இவ்ளோ எறக்கமா அக்குளு எவன் வெப்பான்? கை நொழையாது."

சட்டையை மடியில் விரித்துக்கொண்டாள். பிறகு ஊசியில் நூல் கோர்த்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"பட்டன் வெக்கறேன். பட்டன் இல்லாத சட்டைய எடுத்துகினு போயா உங்க மாமா கிட்ட தப்ப சொல்லுவாங்க?"

பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்தாள். தைத்து முடித்ததும் குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலைச் சுற்றிக் கட்டினாள். இப்படித் தைத்தால் பட்டன் துணியோடு ஒட்டாமல் ஒரு சின்னக் கழுத்தில் எழும்பி நிற்கும். விரலுக்குப் பிடிக்கக் கிடைக்கும். ஒவ்வொரு பட்டனும் இடது பக்கத்தில், தப்பான பக்கத்தில், அவ்வளவு கவனமாக உட்கார்ந்தது.

* * *

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஷேர் ஆட்டோவில் சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தாள். கோட்டைச் சுவர் ஓரமாக வலை காயப்போட்டிருந்தார்கள். அண்ணன் வீட்டு வாசலில் பிரிசில்லா முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா ஜாக்குலினு. முடிஞ்சிச்சா?" என்றாள் கண்ணால் உள்ளே காட்டி.

"முடிஞ்சிச்சு அண்ணி. ஆனா கெட்டுப்போச்சு."

"இன்னா ஒளர்ற?"

உள்ளே கட்டிலில் ஜெபக்குமார் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. "இன்னா ஜாக்கு, வூட்ல வேல தலைக்கு மேல கீது. இங்க இன்னா பண்ற?"

ஜாக்குலின் சுற்றி வளைக்கவில்லை. சட்டையை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். "உனக்கு சட்ட தைச்சேண்ணா. பட்டிய மாத்தி அடிச்சிட்டேன். பொம்பளைங்க சட்ட மாதிரி ஆயிட்ச்சு. திருத்த முடியல."

ஜெபக்குமார் காஜா வரிசையைப் பார்த்தார். ஒரு விரலால் தடவினார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏய் பிரிசி, இங்க வந்து பாரு! அமெரிக்காக்காரிக்கெல்லாம் கரெக்டா பட்டி அடிச்சவ, கூடப் பொறந்தவனுக்கு கவுன் தைச்சுகினு வந்திருக்கா!"

"சிரி. நல்லா சிரிச்சுக்க." ஜாக்குலின் சட்டையை அவர் மடியில் போட்டாள். "நாளைக்கு எம் பொண்ணு ரெண்டு காலோட சபைல வந்து நிக்கப்போறாண்ணா. அவ தல முடி ஒண்ணு கூட ஒதிரல. அது யாரால? அத்த சொல்ல வந்தா, டீ வாங்கியான்னு தொரத்தற. ஒரு வருசமா ஒரு வார்த்த என்ன சொல்ல வுட்டியா நீ? வாயால சொல்ல வுட மாட்டேங்கறன்னுதான் சட்டயா தைச்சேன். அதுவும் கோணிகினு பூட்ச்சு."

பிரிசில்லா முறத்தை வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள்.

ஜெபக்குமார் சிரிப்பை விட்டுவிட்டார். சட்டையை எடுத்தார். உட்புறத்தைத் திருப்பினார். பிசிறு வெளியே தெரியாமல் மடித்துத் தைத்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வெளிய இருங்க," என்றார். "கதவ சாத்து."

* * *

வாசலில் இரண்டு பெண்களும் நின்றார்கள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அமைதி. பிறகு ஒரு மூச்சுச் சத்தம், "ப்ச்" என்று ஒரு சலிப்பு. மறுபடி அமைதி.

"நான் போய் மாட்டி வுடறேன்," பிரிசில்லா கதவில் கை வைத்தாள்.

ஜாக்குலின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள். அண்ணியின் மற்றொரு கை, அவளுக்கே தெரியாமல், காற்றில் பட்டன் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக இன்னோர் ஆளின் மார்பில் பட்டன் போட்ட விரல்கள். இவளுக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஜாக்குலினுக்குச் சுருக்கென்றது. பிடித்த கையை விடவில்லை.

"அண்ணி..."

"இரு," என்றாள் பிரிசில்லா. "சத்தம் போடாத. உங்க அண்ணன் என்னமோ பண்ணுது."

கதவு திறந்தது.

ஜெபக்குமார் நின்றிருந்தார். நீலச் சட்டை தோளிலிருந்து தாராளமாக விழுந்து தொடை வரை தொங்கியது. கீழே இருந்து மேலே எல்லா பட்டனும் போட்டிருந்தது. கழுத்துப் பட்டன் மட்டும் காற்றுக்குத் திறந்திருந்தது. நெற்றியில் வியர்வை. சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"நீயேவா?" பிரிசில்லா பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"பின்ன ஜன்னல் வழியா ஆள் வந்துச்சா? உக்காரு, காட்டறேன்."

உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்தார். பிறகு மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை இருவரும் பார்த்தார்கள். தொங்குகிற வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார். அதன் விரல்களுக்கு நடுவில் சட்டையின் வலது ஓரத்தை, காஜா இருக்கும் ஓரத்தை, செருகினார். அந்த விரல்களுக்குத் தெரிந்த ஒரே வேலை பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொண்டன. துணி விறைப்பாக நின்றது. இப்போது இடது கை தன் பக்கத்துப் பட்டனை அதன் நூல் கழுத்தில் பிடித்து, காஜாவுக்குக் கீழே கொண்டுபோய், கட்டைவிரலால் ஒரு தள்ளு. வந்துவிட்டது. அடுத்தது. அடுத்தது.

ஜாக்குலின் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் அந்தக் கணக்கு முழுவதும் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. ஆண்கள் சட்டையில் பட்டனைப் பிடிப்பது வலது கை, காஜாவைப் பிடிப்பது இடது. பெண்கள் சட்டை அதன் கண்ணாடிப் பிம்பம். பட்டனைப் பிடிக்கிற நுணுக்க வேலை இடது கைக்கு, சும்மா பிடித்துக்கொள்கிற வேலை வலது கைக்கு. அவள் சரியாகத் தைத்திருந்தால் பட்டன் செத்த கையின் பக்கம் போயிருக்கும். இடது கை அதைத் தேடி உடம்பைத் தாண்டிப் போக, காஜா ஓரத்தைப் பிடிக்க ஆளில்லாமல் துணி நழுவிக்கொண்டே இருந்திருக்கும்.

"பழைய சட்டைல அதான் பேஜாரு பண்ணும்," என்றாள் பிரிசில்லா. "புடிச்சா நழுவும், புடிச்சா நழுவும். தூக்கி வீசிரும்." அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "அப்பாடா, இனிமே காலைல கொஞ்சம் படுத்துகினு கெடப்பேன் நான்."

"பாத்தியா, இவளுக்கு அதான் கவல."

"ண்ணா," என்றாள் ஜாக்குலின். "இப்ப சொல்லட்டா?"

ஜெபக்குமார் அவள் பக்கம் திரும்பினார். டீ வாங்கி வரச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"சொல்லு," என்றார்.

வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த வார்த்தை. அவருடைய வலது கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் மெல்ல மடங்கி அவள் கையைப் பிடித்தன. நெத்திலி வாசனையோடு பிரிசில்லாவும் பக்கத்தில் வந்து நின்றாள். ஜாக்குலின் அவள் கையையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

"சரி, சரி. பூட்ச்சு," என்று ஜெபக்குமார்தான் முதலில் விடுவித்துக்கொண்டார். "பொடவ எங்க? உங்கிட்டயா, நான் வாங்கணுமா? மாமன் வாங்கின பொடவதான் வேணும். பிரிசி, பீரோவத் தொற."

"நாளைக்குக் கட்டறதுக்கு இன்னிக்கு சாயங்காலமா பொடவ எடுப்பாங்க?" பிரிசில்லா உள்ளே போய், மடிப்புக் கலையாத ஒரு மெரூன் பட்டுப் புடவையைக் கொண்டுவந்து ஜாக்குலின் மடியில் போட்டாள். "ரெண்டு மாசம் முன்னாடியே இந்த மனுசன் சொல்லித்தான் எடுத்தேன். நாளைக்குப் பொடவத் தட்ட நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கறோம். வர மாட்டேன் வர மாட்டேன்னு ஊருக்குச் சொல்லிகினு, வூட்ல இது வேற."

ஜாக்குலின் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஜாக்கு, இதே மாதிரி இன்னொண்ணு தைக்கணும். இதே தப்போட. வெள்ளைல."

"தைக்கறேண்ணா. எப்ப வேணும்?"

"அடுத்த வாரம். வேலைக்குப் போட்டுகினு போவ."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வலது கை தூக்க முடியாத வேன் டிரைவருக்கு யார் வேலை கொடுத்தது? இந்த ஒரு வருடமாக அவர் யாரையும் போய்ப் பார்க்கவும் இல்லை, யாரும் வந்து போகவும் இல்லை.

"எந்த வேலைக்கு?" என்றாள் பிரிசில்லா.

"எம் மருமவ நிச்சயம் மொதல்ல முடியட்டும்."

"யோவ், எந்த வேலைக்குன்னு கேட்டேன்!"

ஜெபக்குமார் எழுந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து காலாலேயே செருப்பை இழுத்து மாட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டார். இருவரையும் தாண்டி வாசலுக்குப் போனார். ஒரு நொடி அங்கே நின்றார். பிறகு தெருவில் இறங்கிவிட்டார்.

கடற்காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது. எதிர்வீட்டு எல்லம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா ஜெபா, அதிசயமா கீது! சட்ட கிட்ட போட்டுகினு எங்க கெளம்பிட்ட?"

"எங்க கெளம்பறது? ஒவ்வொரு வூடா சொல்லிகினு வர்றேன்," என்றது ஜெபக்குமாரின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நாளைக்கு எந் தங்கச்சி பொண்ணுக்கு நிச்சயம். மாமன் வந்து அழைக்கறேன், குடும்பத்தோட வந்துரு."